டாக்டர் வீட்டுக்குப் போய்ச்சேராத தட்டு

என்னிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்த எந்தப் பெண்ணையும் நான் மறுநாள் வரச் சொன்னதில்லை. உட்காரவும் சொன்னதில்லை. படிவத்தை வாங்கி, அவள் நிற்க நிற்க எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன். பினாங்கில் வார்டு சிஸ்டராக இருந்த காலத்தில் இதற்காக எனக்கு நல்ல பெயர் இருந்தது. நல்ல குணம் ஒன்றுமில்லை. கடிதத்துக்காக ஒருத்தி காத்திருப்பதை என்னால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். பிஸ்கட் டின்னோடு வந்தவர்களை வாசலிலேயே திட்டி விரட்டியிருக்கிறேன். ஒரு பெண்ணின் தாய் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தபோது நான் பேசிய பேச்சை அந்த அம்மாள் சாகும்வரை மறந்திருக்க மாட்டாள். அந்தப் பேச்சு அவளுக்கு உரியது இல்லை. யாருக்கு உரியது என்று எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த காலத்தில் நானும் அம்மாவும் பாடாங் மேஹாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் இருந்தோம். அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாதவர். அம்மா பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்து, என்னைப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினாள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்பதற்காக, அங்கங்கே சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை எல்லாம் ஒரே இடத்துக்கு இழுத்து வந்து, சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். வெளியே போக ஒரே ஒரு கேட். அரிசி தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். அதில் ஒரு பருக்கைகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது. மரம் வெட்டப் போகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் மட்டும் கொண்டுபோகலாம். ஆண்களைத் தடவிப் பார்க்க எஸ்.சி. என்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் இருந்தார்கள். பெண்களுக்கு ஒரு மலாய்க்காரப் பெண். அவள் எங்கள் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவாள்.

கேட்டுக்கு எதிரே செம்மண் சாலை. சாலையைத் தாண்டினால் ஐந்து எஸ்டேட்டுகளுக்குப் பொதுவான ஆஸ்பத்திரி. அதன் முதுகை ஒட்டி டாக்டரின் பங்களா. எங்கள் கேட்டிலிருந்து பங்களாவின் சமையற்கட்டு வாசல் நூறு காலடி தூரம் இருக்கலாம். இந்தத் தூரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் வந்து நிறுத்திப் போட்ட படிப்பை நான் இருபது வயதில்தான் முடித்தேன். பினாங்கில் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பப் படிவம் வாங்கினேன். அதில் கடைசிப் பக்கம் முழுவதும் ஒரு டாக்டர் எழுத வேண்டியது. மூன்று மாதமாவது என்னைத் தன் கண்முன்னே ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டராக இருக்க வேண்டும். அந்தப் பக்கம் காலியாக இருந்தால் மற்ற பக்கங்களில் நான் என்ன எழுதினாலும் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். எனவே எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியைப் பிடித்து, கிராணி மேனேஜர் துரையைப் பிடித்து, துரை டாக்டரிடம் சொல்லி, மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் சும்மா நின்று பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. சம்பளம் கிடையாது. உட்கார நாற்காலியும் கிடையாது.

முதல் நாள் டாக்டர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் மூன்று கட்டளைகள் போட்டார். எதையும் தொடக் கூடாது. யாரிடமும் பேசக் கூடாது. மயங்கி விழக் கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது பக்கத்தில் இருந்த டிரெசர் சிரித்தார். டிரெசர் என்றால் டாக்டர் இல்லாத நேரத்தில் ஆஸ்பத்திரியை நடத்துகிற ஆள். ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, காய்ச்சல் பொய்யா நிஜமா என்று தீர்ப்பு சொல்வது எல்லாம் அவர்தான். லயத்துப் பெண் ஒருத்தி தான் நிற்கிற இடத்தில் வந்து நிற்பது அவருக்கு அடியோடு பிடிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவரை மெச்சலாம்.

டாக்டர் மெட்ராசில் படித்தவர். எங்களைப் போலவே தமிழர். பங்களாவில் சமையற்காரனைத் தமிழில் திட்டுவது சாலைவரை கேட்கும். ஆனால் ஆஸ்பத்திரிப் படி ஏறியதும் அவருக்குத் தமிழ் மறந்துபோகும். நோயாளியைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்பார், டிரெசர் தமிழாக்குவார், நோயாளி தமிழில் சொல்வதை டிரெசர் ஆங்கிலமாக்கும்வரை டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். காதில் விழாதது போல நடிப்பதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நான் அவரை முதல் வாரத்திலேயே வெறுத்துவிட்டேன்.

வெறுத்தேன் என்பதற்காக மூன்று மாதத்தை வீணாக்குகிற ஆள் நான் இல்லை. பார்க்கத்தானே அனுமதி, பார்த்தே தீர்ப்பது என்று முடிவு செய்தேன். காலை ஏழு மணிக்கு முன்பே போய் நிற்பேன். டாக்டருக்கு இடது பக்கம், ஒரு ஆள் தள்ளி. வலது பக்கம் டிரெசரின் ராஜ்யம். டாக்டரின் கண் முதலில் எங்கே போகிறது என்று பார்ப்பேன். நாக்கா, நகமா, கீழ் இமையா. டிரெசர் ஊசியை உருவும்போது பஞ்சை எந்த விரலால் அழுத்துகிறார் என்று பார்ப்பேன். புரியாத ஆங்கில வார்த்தைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்து, சுற்று முடிந்ததும் நோட்டில் எழுதிக்கொள்வேன். நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கேட்டில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்ப்பார்கள். மருந்து அலமாரிக்கு அடியில் சொருகி வைத்துவிட்டு வருவேன். சாப்பாடு கேட்டைத் தாண்டக் கூடாதென்பதால் மத்தியானம் இரண்டு மணிவரை பட்டினி. மயங்கி விழாதே என்று அவர் சொன்னதற்கு அதன்பிறகுதான் அர்த்தம் புரிந்தது. வார்டில் கஞ்சி வாளி என் மூக்குக்கு நேரே போகும்போது நான் சுவரில் இருந்த கொசு ஒழிப்புப் படத்தைப் படித்துக்கொண்டிருப்பேன்.

ஒரே ஒரு முறை வாயைத் திறந்தேன். மரம் வெட்டுகிற ஒரு பெண் தலைசுற்றுகிறது, நடந்தால் நெஞ்சு படபடக்கிறது என்று நான்காவது தடவையாக வந்திருந்தாள். வேலைக்குக் கள்ளம் போடுகிறாள் என்று டிரெசர் சொல்லிவிட்டார். டாக்டரும் திரும்பிவிட்டார். நான் அவளுடைய கடைவாயைப் பார்த்தேன். சிவப்பாகத் தூள் ஒட்டியிருந்தது. லயத்தில் வளர்ந்தவளுக்கு அது என்னவென்று தெரியும். ரத்தம் செத்துப்போன பெண்கள் யாருக்கும் தெரியாமல் செங்கல்லையும் உடைந்த சட்டியையும் கடித்துத் தின்பார்கள். கேட்டால் சத்தியம் செய்து மறுப்பார்கள். இவள் மண் தின்கிறாள் சார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வார்டே திரும்பிப் பார்த்தது. உன்னை யார் கேட்டது என்றார் டாக்டர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் இரண்டு கட்டில் தள்ளிப் போனவர் திரும்பி வந்து, அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அன்றே அவளைப் படுக்கையில் சேர்த்தார்கள். குடல் நிறையப் புழு, உடம்பில் ரத்தமே இல்லை. நீ சொன்னது சரி என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார் என்று வீட்டில் வந்து அம்மாவிடம் பொருமினேன்.

மூன்றாவது மாதம் பாதியில் கடிதத்தைப் பற்றி டிரெசரிடமே கேட்டேன். வேறு யாரையும் எனக்குத் தெரியாது. அவர் என் முகத்தைப் பார்க்காமல், கத்தரிக்கோலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக்கொண்டே சொன்னார்.

“எழுதுவீங்களான்னு கேக்காத. நல்லா எழுத முடியுமான்னு கேளு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடட்டும், நீ வேற எடம் பாத்துக்கலாம். இத்தன நாளு என்னென்ன பாத்தேன்னு ஒரு தாள்ல எழுதிக் கையில குடு. இல்லாட்டி அவருக்கு ஒன்னத் தெரியாது. செவ்வாக்கெழம டீ குடிக்கிறப்பக் கேளு. நடக்கிறப்பக் கேக்காத.”

இவ்வளவையும் வெறுப்போடுதான் சொன்னார். ஆனால் இதைவிடச் சரியான புத்தியை நான் அப்புறம் எங்கேயும் கேட்டதில்லை. என்னிடம் வந்த பெண்களுக்கு இதையே திட்டோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

அப்படியே செய்தேன். பார்த்த நோய்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். செவ்வாய்க்கிழமை டீ பாதி குடித்தவுடன் படிவத்தையும் தாளையும் முன்னால் வைத்து, என்னைப் பற்றி நல்லபடியாக எழுத உங்களால் முடியுமா சார் என்று கேட்டேன். அவர் தாளைப் பார்த்தார். மேசைமேல் வைத்துவிட்டுப் போ என்றார். முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. படிவத்தின்மேல் சிகரெட் டின்னைத் தூக்கி வைத்தார்.

பன்னிரண்டு நாள் அந்த டின் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. தினமும் காலையில் முதல் வேலையாக அதைப் பார்ப்பேன். டின்னுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த படிவத்தின் ஓரம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். இரண்டாவது தடவை, வேலை இருக்கிறவர்களிடம் வேலை இல்லாதவர்கள் காட்டுகிற அவசரம் என்று டிரெசரிடம் ஆங்கிலத்தில் சொன்னார், நான் அங்கேயே நிற்கும்போது. திங்கட்கிழமைத் தபாலில் படிவம் போகாவிட்டால் அந்த வருடம் போச்சு. அடுத்த வருடம் என் வயது அவர்கள் கேட்ட வயதைத் தாண்டிவிடும். அப்புறம் நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் வெட்டப் போக வேண்டியதுதான். இருபது வருடம் அம்மா எதற்காகக் கையைக் கறுப்பாக்கிக்கொண்டாளோ அது அந்த சிகரெட் டின்னுக்கு அடியில் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் இதைச் சொல்லி அழுதேன். அம்மா சிரட்டையில் ஒட்டியிருந்த பாலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஒருத்தருகிட்ட ஒண்ணு கேக்கப் போறவ, வெறுங்கையோடவாடி போவா?”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இது பெண் கேட்கிற விஷயமா, இதற்குத் தட்டு எல்லாம் வைக்கக் கூடாது, அதற்குப் பெயர் லஞ்சம் என்று கத்தினேன். படித்த திமிரில் இன்னும் என்னென்னவோ சொன்னேன். அம்மாவுக்குத் தெரிந்த உலகத்தில் கல்யாணம் கேட்கவும், பிள்ளைக்குப் பெயர் கேட்கவும், கங்காணியிடம் பால் வெட்ட நல்ல மர நிரை கேட்கவும் தட்டோடுதான் போவார்கள். மூன்று மாதம் நான் வெறுங்கையை வீசிக்கொண்டு போய்க் கேட்டதுதான் அவளுக்கு மரியாதைக் கேடாகப் பட்டது. டாக்டர் பேசாமல் இருந்ததற்குக் காரணம் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து, உங்கம்மாவை லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்றாள். நான் ஈரக்கையோடு கேட்டுக்கு ஓடினேன். லாரி போய்விட்டிருந்தது. செம்மண்ணில் வெற்றிலை கிடந்தது, மிதிபட்டு.

அம்மா பித்தளைத் தட்டைப் புளிபோட்டு விளக்கியிருக்கிறாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு தேங்காய், வீட்டுக்குப் பின்னால் பழுத்த வாழைப்பழம். அடியில் பச்சரிசி, பால் டின்னால் இரண்டு டின். எங்கள் பங்கு அரிசியில் தினமும் ஒரு கை ஒதுக்கி வைத்தது. மேலே சிவப்புத் துணியைப் போர்த்தி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பட்டப்பகலில், ஒளிக்காமல் மறைக்காமல் நேராகக் கேட்டுக்கு நடந்திருக்கிறாள். சாப்பாடு வெளியே போகக் கூடாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். மரம் வெட்டப் போகும்போது ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்குகூட மடியில் கட்டிக்கொள்ளாதவள். ஆனால் தட்டில் வைத்துவிட்ட அரிசி அவளைப் பொறுத்தவரை சாப்பாடு இல்லை. அன்றைக்கென்று பட்டணத்திலிருந்து ஒரு போலீஸ் அதிகாரி சோதனைக்கு வந்து கேட்டில் நின்றிருந்தார். தெரிந்த எஸ்.சி. தலையைத் திருப்பிக்கொண்டான். அம்மாவுக்கு மலாயில் நான்கு வார்த்தை வரும். பயத்தில் அதுவும் வரவில்லை. யாரும் எங்கே கொண்டுபோகிறாய் என்றுகூடக் கேட்கவில்லையாம்.

நான் சாலையைத் தாண்டிப் பங்களாவுக்கு ஓடினேன். டாக்டர் முன்பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அந்தத் தட்டு உங்களுக்குத்தான் வந்தது, நூறு காலடிதான், ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள், இல்லை ஸ்டேஷனுக்கு ஒரு போன் செய்யுங்கள் என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். அதற்குப் பிறகு என்னிடம் முதல் தடவையாகத் தமிழில் பேசினார்.

“எனக்கு வந்த தட்டுன்னு நான் சொன்னா, இதுக்கு முன்னாடி எத்தனை தட்டு வந்துச்சுன்னு கேப்பான். அதுக்கு நான் என்ன சொல்றது?”

அவருக்கு என்ன சொல்வது என்று தெரியாதுதான். எனக்குத் தெரியும். மூன்று மாதம் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. சமையற்கட்டு வாசலில் யார் யார் கோழி கொண்டுவந்தார்கள், யாருக்கு அடுத்த நாள் லேசான வேலைக்குச் சீட்டு கிடைத்தது என்று நாள் வாரியாகச் சொல்லியிருப்பேன். அந்தக் கோழிகள் கம்பி இல்லாத எஸ்டேட்டுகளிலிருந்து வந்தன. எங்கள் லயத்துக்காரிகளில் அம்மா ஒருத்திதான் தட்டோடு கம்பியைத் தாண்டி வர முயன்றவள்.

அவர் உள்ளே போனார். என் படிவத்தோடு வந்தார். சிகரெட் டின்னை எப்போது தூக்கினாரோ தெரியாது. என் முன்னாலேயே உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை எழுதினார். நிறுத்தாமல், அடிக்காமல் எழுதினார். பன்னிரண்டு நாள் ஆகாத வேலை கால்மணி நேரத்தில் முடிந்தது. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, உறையில் வைத்து நீட்டினார். நான் கையை நீட்டியதும் உறையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார்.

“நீ கேட்டது இது. இதைக் குடுத்துட்டேன். ஸ்டேஷன்ல எம்பேரு வந்துதுன்னா, இது நான் எழுதினதில்லேன்னு பினாங்குக்குத் தந்தி போகும். யோசிச்சுக்க.”

அவர் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை. மிரட்டும் குரலில்கூடச் சொல்லவில்லை. நான் உறையை வாங்கிக்கொண்டேன். தாங்க்யூ சார் என்று சொன்னேன். அதைச் சொன்ன நாக்கை நினைத்தால் இன்றும் எனக்கு எரிகிறது.

ஆஸ்பத்திரி வேன் பட்டணத்துக்கு ஐஸ் ஏற்றப் போகிற நேரம். டிரெசர் டிரைவரிடம் ஏதோ சொன்னார். டிரைவர் கதவைத் திறந்துவிட்டான். வழியில் உறையைத் திறந்து படித்தேன். நான் அதுவரை என்னைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. இவர் நேரம் தவறாதவர் என்று இருந்தது. ரத்தசோகை ஒன்றைக் கண்டுபிடிக்க இவரது கவனமே உதவியது என்று இருந்தது. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. கீழே, நோயாளிகள் தமிழில் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லக்கூடியவர் என்று எழுதி, அதன்கீழ் ஒரு கோடும் போட்டிருந்தார். நான் அதை நான்கு தடவை படித்தேன். நான்காவது தடவை படிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா ஸ்டேஷனில் இருக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஸ்டேஷனில் அம்மா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தட்டு இன்ஸ்பெக்டரின் மேசைமேல் இருந்தது, சிவப்புத் துணி இல்லாமல். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த கான்ஸ்டபிளுக்கு அன்று லீவு. நான் ஆங்கிலம் பேசியதும் அவருக்கு நிம்மதியாகிவிட்டது. நீயே கேட்டுச் சொல் என்று எனக்கு நாற்காலி போட்டார். மூன்று மாதத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் நாற்காலி.

இந்த அரிசியை எங்கே கொண்டுபோனாள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அம்மா என்னைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்.

“டாக்டரு வீட்டுக்குத்தான் கொண்டு போனேன். அது ஆக்கித் திங்கிற அரிசி இல்ல, தட்டுல வைக்கிற அரிசின்னு சொல்லு. டாக்டரக் கேட்டுப் பாக்கச் சொல்லு.”

உறை என் ரவிக்கைக்குள் இருந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவோடு காத்திருந்தார். கோயிலுக்குக் கொண்டு போனதாகச் சொல்கிறாள் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எந்தக் கோயில் என்று அவர் கேட்டார். அம்மாவிடம் நான் எதையாவது கேட்டாக வேண்டும். தண்ணி குடிக்கிறியாம்மா என்று கேட்டேன். வேணாம் என்றாள். பழைய லயத்து மாரியம்மன் கோயில் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

சாமிக்குக் கொண்டுபோன அரிசி என்றால் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இன்ஸ்பெக்டர் எழுந்து சுவரில் இருந்த மேப்பிடம் போனார். லயங்களைக் கம்பிக்குள் மாற்றியபோது கோயிலை மாற்றவில்லை. அது காட்டோரத்தில் தனியாக நின்றது. மேப்பில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. படையலாக வைத்துவிட்டுப் போகிற சாப்பாட்டைக் காட்டிலிருந்து வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது போலீசுக்குப் பழைய சந்தேகம். அவர் திரும்பி வந்து சந்தோஷமாக எழுத ஆரம்பித்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் டாக்டர் என்ற வார்த்தை தெரியும். அது இரண்டு பாஷையிலும் ஒன்றுதான். நான் பேசப் பேச அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தை வருவதற்காகத்தான் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அது வரவேயில்லை. கைநாட்டு வைக்கத் தாளை நகர்த்தியபோது, மையில் தோய்த்த விரலைத் தாளுக்கு மேலே நிறுத்திக்கொண்டு என்னைக் கேட்டாள்.

“நான் சொன்னதத்தான் எழுதியிருக்கா?”

ஆமா என்றேன். அம்மா சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தாள். மூன்று மாதம் நான் நோயாளிகளைப் பார்த்ததுபோலப் பார்த்தாள். பிறகு விரலை அழுத்தி வைத்தாள்.

அம்மாவுக்கு ஆறு மாதம் ஜெயில் போட்டார்கள். என் படிவம் திங்கட்கிழமைத் தபாலில் போனது. பினாங்கிலிருந்து கூப்பிட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். நேர்முகத்தில் ஒரு வெள்ளைக்கார மேட்ரன், உனக்கு வந்திருப்பது அபூர்வமான கடிதம் என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மாவைப் பார்க்க இரண்டு தடவை சிறைக்குப் போனேன். உங்களைப் பார்க்க விருப்பம் இல்லையாம் என்று வார்டர் வந்து சொன்னாள். டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், அவர் அடுத்த வருடம் வேறு ஊருக்கு மாறிப்போனார் என்று கேள்விப்பட்டேன். அவரைத் திட்டியே பல வருடம் ஓட்டினேன். அவர் திட்டு வாங்கத் தகுதியான ஆள்தான். ஆனால் ஸ்டேஷனில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர் இல்லை.

விடுதலையாகி ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா நர்ஸ் விடுதிக்கு வந்தாள். பட்டர்வொர்த்தில் பெர்ரிப் படகு ஏறி, யாரையோ கேட்டுக் கேட்டு வந்திருந்தாள். மற்ற பெண்களின் தாய்மார்கள் முறுக்கும் ஊறுகாயும் எண்ணெய்ப் புட்டியுமாக வருவார்கள். அம்மா வெளுத்த சேலையில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என் வெள்ளை உடுப்பைப் பார்த்தாள். நன்றாகச் சாப்பிடுகிறாயா என்றாள். சாப்பிடுகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பாள், அழுது காலில் விழலாம் என்று ஏழு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவள் வாசலில் போகிற ரிக்‌ஷாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது கேளும்மா, எங்கிட்ட ஏதாவது கேளு என்றேன்.

அம்மா மடியில் இருந்த கைகளை விரித்து என்னிடம் காட்டினாள்.

“நான் கேக்க வரல. கேக்க வர்றவ வெறுங்கையோடவாடி வருவா?”

பார்வையாளர் நேரம் முடிகிற மணி அடிப்பதற்குள் எழுந்து போய்விட்டாள்.